விளையாடிவிட்டு வந்தால் குதிகால் வலியா? ‘சாக்குப்போக்கு’ என்று விட்டுவிடாதீர்கள்!

“அம்மா, குதிகால் வலிக்குதும்மா...”

மாலையில் கிரவுண்டிலிருந்து நுனிக்காலில் நொண்டிக்கொண்டே வரும் பிள்ளை இப்படிச் சொன்னால், பல வீடுகளில் கிடைக்கும் பதில் இரண்டுதான். “வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்” அல்லது “படிக்கச் சொன்னா மட்டும் வலி வந்துடும்!”

ஆனால், 8 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வர முக்கியமான காரணம் ‘சீவர்ஸ்’ எனும் பாதிப்பு. 1912-ல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீவரின் பெயர் இது. பயப்பட வேண்டாம், இது தொற்றும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை.

ஏன் வலிக்கிறது?

இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்புறம் முழுதாக இறுகாத வளர்ச்சிப் பகுதி இருக்கும். கெண்டைக்கால் தசைநார் அங்கேதான் பிடித்திருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் அது திரும்பத் திரும்ப இழுப்பதால் அந்த இடம் நோகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குதிகாலை இருபக்கமும் மெதுவாக அழுத்தினால் வலிக்கும். விளையாடினால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். ‘வளர்ச்சி வலி’ வேறு. அது இரவில், இரண்டு கால்களிலும், கெண்டைக்காலிலோ தொடையிலோ வரும், காலையில் இருக்காது.

என்ன செய்யலாம்?

* ஓட்டத்தையும் குதிப்பதையும் சில வாரங்கள் குறைக்கவும்.
* துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வைக்கவும்.
* மெத்தென்ற குதிகால் உள்ள ஷூ அணியட்டும். ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகும்’ என்று பெரிய சைஸ் வாங்க வேண்டாம்.
* வலி தணிந்ததும் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம்.
* மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டே கொடுக்கவும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

காய்ச்சல், வீக்கம், சிவப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பாத வலி, காலையில் மூட்டு விறைப்பு, எடை குறைதல், காலை ஊன்றவே முடியாத நிலை... இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

சுமார் 15 வயதில் அந்த எலும்பு இறுகியதும் சீவர்ஸ் வலி தானாக நின்றுவிடும். அதுவரை பிள்ளைக்குத் தேவை கொஞ்சம் ஓய்வும், ‘வலிக்குது’ என்றால் நம்பும் பெற்றோரும்தான்!