மேட்டூர் தண்ணி பார்க்கப் போறீங்களா? முதல்ல நீர்மட்டம் பாருங்க!

நண்பர்களே, லீவு விட்டா நம்ம பசங்க வாயில வர்ற முதல் பேரு ஒகேனக்கல். அருவியில குளியல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பரிசல் சவாரி, சாயங்காலம் பஸ் ஏறி ஹாஸ்டல். நல்ல பிளான்தான். ஆனா அந்தத் தண்ணி அருவியில விழுந்த பிறகு எங்கே போகுதுன்னு பார்த்திருக்கீங்களா? இந்த இதழ்ல அங்கேதான் போகப்போறோம்.

ஒகேனக்கல்லைத் தாண்டி மலை இடுக்கு வழியா இறங்குற காவிரி, பள்ளத்தாக்கு விரியிற இடத்துல நின்னு பரவ ஆரம்பிக்குது. அதுதான் மேட்டூர் அணையோட நீர்த்தேக்கம். அணை இருக்கிறது சேலம் மாவட்டம். ஆனா தேங்கி நிக்கிற தண்ணியோட ஒரு கரை நம்ம தருமபுரி மாவட்டம். பென்னாகரத்துல இருந்து ஏரியூர் வழியா போனா நாகமரை, ஒட்டனூர்னு கரையோர ஊர்கள் வரும். அணை நிரம்பியிருக்கிற நாள்ல அங்கே போய் நின்னா, கடலுக்குத்தான் வந்துட்டோமான்னு தோணும். நீர்க்காகம் பாறை மேல இறக்கையை விரிச்சுக் காய வைக்கும். ஆலாக்கள் தண்ணிக்கு மேலேயே வட்டம் போடும். கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் பிடிக்கிற மீனவர்கள் பரிசல்ல போய்ட்டு வருவாங்க.

ஆழமா, மேலோட்டமா?

இப்ப கொஞ்சம் கணக்கு. 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் முடிந்த அணை இது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லி பெயரால் 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்' என்று அழைக்கப்படுகிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, நிரம்பினால் நீர்ப்பரப்பு சுமார் 59 சதுர மைல். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. கொள்ளளவைப் பரப்பால் வகுத்துப் பாருங்க, சராசரி ஆழம் சுமார் 57 அடிதான் வரும். அணைச் சுவர் பக்கம் இருக்கிற ஆழம் எல்லா இடத்திலும் இல்லை. ஓரங்களில் பல இடங்களில் தண்ணி தட்டையான நிலத்துல, தட்டுல ஊத்தின ரசம் மாதிரி, மெல்லிசா பரவித்தான் நிக்குது.

இதனால என்ன ஆகும்? கரை 50-க்கு 1 என்ற சரிவில் இருக்குன்னு வச்சுக்குவோம். நீர்மட்டம் ஒரு அடி இறங்கினா கரை 50 அடி பின்வாங்கும். பத்து அடி இறங்கினா 500 அடி! போன மாசம் நீங்க செல்ஃபி எடுத்த கரையில இந்த மாசம் மாடு மேயும். தண்ணி வடிஞ்ச வண்டல் நிலத்துல கம்பு, சோளம், நிலக்கடலைன்னு விதைக்கிறவங்களும் உண்டு. தண்ணி மறுபடி ஏறுறதுக்குள்ள அறுவடை ஆகணும், அது அவங்களோட ஓட்டப்பந்தயம்.

இது எவ்வளவு வேகமா மாறும்னு 2024-ஐ எடுத்துக்கோங்க. ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் சுமார் 40 அடி. தண்ணீர் இல்லாததால் வழக்கமான ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறக்க முடியலை. கர்நாடகத்தில் மழை கொட்ட, ஜூலை 30-ல் அணை 120 அடியைத் தொட்டது. ஒரே மாசத்துல 80 அடி!

தண்ணிக்குள்ள ஒரு ஊர்

காவிரி பிறந்த கதை உங்களுக்குத் தெரியும்: அகத்தியரோட கமண்டலத்தைக் காகமா வந்த பிள்ளையார் கவிழ்த்துவிட்டார், நீர் ஆறாக ஓடியது என்பார்கள். அது புராணம். ஆனா இந்த நீர்த்தேக்கத்துக்கு ஒரு நிஜக் கதை இருக்கு. அணை கட்டினப்போ இந்தப் பள்ளத்தாக்குல இருந்த ஊர்கள் வீடு, வயல், கோயில் எல்லாத்தையும் விட்டுட்டு மேட்டுக்குப் போச்சு. நாகமரைக்கு எதிர்க்கரையில இருக்கு பண்ணவாடி. அங்கே நீர்மட்டம் நல்லா குறையுறப்போ பழைய கிறிஸ்தவ தேவாலயத்தோட கோபுரம் தலைநீட்டும். இன்னும் குறைஞ்சா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். பேர்லயே ஜலம் இருக்கிற சாமியோட கோயில் ஜலத்துக்குள்ளயே இருக்கு, பாருங்க.

நந்தியைப் பார்க்கக் கூட்டம் வரும், போட்டோ எடுக்கும். நமக்கு அது காட்சி. ஆனா நந்தி முழுசா தெரியுதுன்னா டெல்டா விவசாயிக்கு அது கவலை. தாத்தா பாட்டி விட்டுட்டு வந்த ஊர் இதுன்னு நினைக்கிற குடும்பத்துக்கு அது வேற மாதிரி. அங்கே நிக்கிறப்போ சத்தம் போட்டு ரீல்ஸ் எடுக்காம கொஞ்ச நேரம் சும்மா பாருங்க. கல் மேல ஏறாதீங்க.

இன்னொண்ணு. இந்தத் தண்ணி ரெண்டு கரையையும் பிரிச்சும் வச்சிருக்கு. எதிர்க்கரைக்குப் போக நாகமரை–பண்ணவாடி, ஒட்டனூர்–கோட்டையூர் பக்கம் மக்கள் படகையும் பரிசலையும் நம்பியிருக்காங்க. இல்லைன்னா மேட்டூர் வழியா சுத்திப் போகணும். பாலம் வேணும்ங்கிறது அவங்களோட நெடுநாள் கோரிக்கை. சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்களே, கரை இப்படி நகர்ற இடத்துல பாலத்தோட நீளத்தையும் உயரத்தையும் எப்படி முடிவு பண்ணுவீங்க? யோசிச்சுப் பாருங்க.

முழங்கால் தண்ணிதானேன்னு இறங்காதீங்க

இதுதான் முக்கியம். போன தடவை எங்க கூட்டத்துல ஒருத்தன் "முழங்கால் அளவுதான்டா"ன்னு இறங்கினான். மூணாவது எட்டுல கால் சேத்துல புதைஞ்சிடுச்சு. பரிசல் அண்ணன் ஒருத்தர் துடுப்பை நீட்டி இழுத்துவிட்டு, "தம்பி, மேல தண்ணி, கீழ சேறு. அதுக்கும் கீழ பழைய கிணறு இருந்தா என்ன பண்ணுவ?"ன்னு கேட்டார். பதில் இல்லை. மேலோட்டமான தண்ணி பத்திரமான தண்ணி கிடையாது. அடியில இருக்கிறது ஆத்து மணல் இல்லை, வருஷக்கணக்கா படிஞ்ச வண்டல். வழியில பழைய வாய்க்கால், பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒகேனக்கல் பக்கக் காவிரியில முதலைகளும் உண்டு. நீச்சல் தெரிஞ்சாலும் இறங்க வேண்டாம். படகு ஏறினா லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க.

எங்கே தங்குறது?

நீர்த்தேக்கக் கரையில ரிசார்ட் எதிர்பார்த்துப் போகாதீங்க. தங்கணும்னா ஒகேனக்கல்தான்; சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட ஓட்டல் தமிழ்நாடும் தனியார் விடுதிகளும் அங்கே இருக்கு. காலையில கிளம்பி ஏரியூர் பக்கம் போய்ட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பிடலாம். தண்ணியும் சாப்பாடும் கையில எடுத்துக்கோங்க, பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாங்க. இந்தப் பக்கக் காட்டின் ஒரு பகுதி 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாம காட்டுக்குள்ள போகக்கூடாது.

கிளம்புறதுக்கு முந்தின நாள் பேப்பர்ல 'மேட்டூர் அணை நிலவரம்' பாருங்க. 100 அடிக்கு மேலன்னா கடல் மாதிரி தண்ணி. 70-க்கும் கீழே நல்லா இறங்கியிருந்தா நந்தி. பிலிகுண்டுலு நீர்வரத்து திடீர்னு ஏறியிருந்தா அந்த வாரம் ஹாஸ்டல்லயே இருங்க. அப்போ ஒகேனக்கல்ல பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டிருப்பாங்க. ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்க: விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி. நிரம்பின அணையில ஒரு அடி குறைய சுமார் 1.65 டிஎம்சி போகணும். இனிமே அந்த செய்தியில வர்ற எண்களை வச்சு, கரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்னு நீங்களே சொல்லிடலாம்.