கவசம் அணிந்த பெட்டிமீன்

இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளிடையே மஞ்சள் பெட்டிமீன் வாழ்கிறது. அறுகோண வடிவ எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து, அதன் உடலைப் பெட்டிபோல் மூடியுள்ளன. வாய், கண், செவுள், துடுப்பு, வால் ஆகியவற்றிற்கு அக்கவசத்தில் இடைவெளி உண்டு. எனவே, பிற மீன்களைப்போல் உடலை வளைத்து நீந்த அதனால் இயலாது. துடுப்புகளை அசைத்தே நகர்கிறது. பகையை எதிர்கொள்ளும்போது தோலிலிருந்து நஞ்சையும் சுரக்கிறது.

இவ்வுடல்வடிவம் நீரின் தடையைக் குறைத்து, நீந்துகையில் நிலைப்பைத் தருகிறது என்று கருதப்பட்டது. அதனையே முன்மாதிரியாகக் கொண்டு 2005இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் மகிழுந்து ஒன்றை வடிவமைத்தது. ஆனால், 2015இல் வெளிவந்த ஆய்வு அக்கருத்தை மறுத்தது. அவ்வடிவம் நிலைப்பைக் குலைக்கிறது; அந்நிலையின்மையே பாறை இடுக்குகளில் விரைந்து திரும்ப உதவுகிறது என்று அவ்வாய்வு விளக்கியது. இயற்கையிடம் கற்போர், கண்டதை அளந்தறிதலும் வேண்டும்.