வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன இடம்?



இந்த நினைவு நாளில் பட்டாபிராமில் கூடும்போது கவிதையோ நாவலோ பற்றிப் பேசுவது நம் வழக்கம். இம்முறை நீதிமன்றத் தாழ்வாரத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். நாம் நினைவுகூரும் தோழர் கடைசி ஆண்டுகளில் எழுதியதைவிட அங்கே காத்திருந்த நேரம்தான் அதிகம்.

ஒரு கொலை வழக்கின் தலைப்பைப் பாருங்கள். ஒருபுறம் அரசு, மறுபுறம் குற்றம்சாட்டப்பட்டவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பெயர் அதில் இராது. அவர் அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஓர் எண். அழைத்தால் வர வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், போய்விட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தமான பிணக்கை அரசும் வழக்குரைஞர்களும் திருடிக்கொள்கிறார்கள் என்று 1977இல் எழுதினார் நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி.

குற்றம் செய்தவரை ஆராய்வது குற்றவியல். பாதிக்கப்பட்டவரை ஆராயும் துறைக்கு விக்டிமாலஜி என்று பெயர். பாதிக்கப்பட்டோரியல் என்று சொல்லலாம். அதன் தொடக்கம் நமக்கு உவப்பானதல்ல. 1948இல் நூல் எழுதிய ஹான்ஸ் வான் ஹென்டிக்கும், அவர் காலத்து மெண்டல்சோனும், குற்றம் நடந்ததில் பாதிக்கப்பட்டவரின் பங்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். "அந்த நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை?" என்று காவல் நிலையத்தில் கேட்கிறார்களே, அதன் பல்கலைக்கழக வடிவம் இது. பெண்கள் இயக்கங்கள் சண்டை போட்டுத்தான் அந்தக் கேள்வியைத் திருப்பின. 1985இல் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றி ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் வெளியிட்டது. இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் 1992இல் நம் சென்னையில்தான் தொடங்கப்பட்டது.

கிறிஸ்டி 1986இல் இன்னொன்றும் சொன்னார். சமூகம் எல்லாரையும் பாதிக்கப்பட்டவராக ஏற்றுக்கொள்வதில்லை. பலவீனமானவராக, மரியாதைக்குரிய காரியத்தில் இருந்தவராக, குறைசொல்ல முடியாத இடத்தில் இருந்தவராக அவர் இருக்க வேண்டும். அவர் சாதியை நினைத்து எழுதவில்லை. ஆனால் நம் ஊரில் இந்தச் சோதனையை நடத்துவது சாதிதான். கூலி உயர்வு கேட்டவர் பலவீனமானவர் இல்லை, திமிர் பிடித்தவர். வேறு சாதிப் பெண்ணை மணந்தவர் மரியாதைக்குரிய காரியத்தில் இருந்தவர் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. எதிரிகளின் தகுதியே எரிந்தவர்களின் சாட்சியத்தைவிடக் கனமாக இருந்தது.

சாதி ஒரு படி மேலேயும் போகும். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள் முருகேசனும் கண்ணகியும். அவர் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் சமூகத்துப் பட்டதாரி. 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை மாதம் இருவரையும் பிடித்துவந்து நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் வீட்டார் கொண்டுபோன புகாரை உள்ளூர்க் காவல்துறை வாங்கவில்லை. பல நாள் கழித்துப் பதிவான வழக்கிலோ இரு தரப்பிலும் ஆட்களைச் சேர்த்து, அவரவர் பிள்ளையை அவரவரே கொன்றதுபோல எழுதினார்கள். முருகேசனின் தந்தையே கைதானார். மகனை இழந்தவர், அந்த மகனைக் கொன்றவர் என்று பெயரெடுத்தார்.

2004இல் வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. பல சாட்சிகள் பிறழ்ந்தார்கள். முருகேசனின் சிற்றன்னை மட்டும் சொன்னதிலிருந்து நகரவில்லை. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அவர்களில் காவல்துறையினரும் உண்டு. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, அந்தத் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கொலை நடந்து ஏறத்தாழ 22 ஆண்டுகள். இங்கே இருக்கும் மாணவர்களில் பலருக்கு அந்த வயதுகூட ஆகியிருக்காது.

அந்தக் குடும்பத்துக்கு 2003இல் இல்லாத சில கருவிகள் இப்போது நம்மிடம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு அவற்றில் முக்கியமானது. பிணை மனு உட்பட எந்த நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும். பிணை, விடுவிப்பு, பரோல், தண்டனை எதுவானாலும் அவர் பேச உரிமை உண்டு. ராஜஸ்தான் வழக்கொன்றில் 2021 அக்டோபரில் இது கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். எதிரி பிணையில் வெளியே வந்து தெருவில் நிற்பதைப் பார்த்துத்தான் மனு போட்டதே தெரிந்தது என்று ஒரு தாய் சொன்னால், சட்டம் அங்கே மீறப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பணம் பற்றிப் பேச நம் தோழர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை. 2016 விதிகளின்படி கொலைக்கு 8,25,000 ரூபாய். பாதி உடற்கூறாய்வு முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை தாக்கலானதும். இதற்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் படிப்பு. பலரும் கேட்காமல் விடுவது 11ஆம் விதி. இங்கிருந்து திருவள்ளூர் நீதிமன்றத்துக்கு ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் கூலி போகும். நான்கு வாய்தா போனால் சாட்சி சோர்ந்துவிடுவார், சமரசம் பேச வருபவருக்கு வேலை சுலபமாகிவிடும். பயணச் செலவும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியும் மூன்று நாளுக்குள் தர வேண்டும் என்கிறது அந்த விதி. பெண்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். அவருக்கும் செலவு உண்டு.

அடுத்த முறை இங்கிருந்து யாருக்காவது துணையாகப் போகும் மாணவர்கள் இந்த மனுவை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.