உங்களுக்குத் தெரியுமா? ஓசூருக்கு அடுத்த வீட்டு ஆட்டக்காரர்

ஓசூரில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால், அத்திப்பள்ளி தாண்டி சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு கண்டீரவா மைதானம். அங்கே பெங்களூரு எஃப்.சி. கால்பந்து கிளப்பின் நடுக்களத்தை ஆண்டவர் ஷில்லாங்கில் பிறந்த யூஜின்சன் லிங்டோ. இன்ஜினியரிங் படித்தவர்!

2015 ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் ஏலத்தில் நட்சத்திர வீரர் சுனில் சேத்ரி 1.2 கோடிக்குப் போனார். அடுத்த பெரிய தொகை, 1.05 கோடி, லிங்டோவுக்கு. அடிப்படை விலையோ 27.5 லட்சம்தான். அதே ஆண்டின் சிறந்த இந்திய வீரர் விருதும் அவருக்கே.

2016 அக்டோபரில் கண்டீரவாவில், நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என வீழ்த்தி, ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது லிங்டோ ஆடிய பெங்களூரு. தோஹாவில் நடந்த இறுதியில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0-1 தோல்வி. அதனால் என்ன, அதுவரை அந்தப் படியை எந்த இந்திய கிளப்பும் மிதித்ததில்லையே!

ஓய்வுக்குப் பின் லிங்டோ டிவி ஸ்டூடியோவில் ஆட்டத்தை அலசும் நிபுணர். பார்க்க எளிதாகத் தெரியும் வேலை. ஆனால் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் தயாரிப்பாளரின் குரல் "பத்து, ஒன்பது, எட்டு..." என்று எண்ணிக்கொண்டிருக்கும். பூஜ்யம் வருவதற்குள் வாக்கியம் முடிந்தாக வேண்டும், விளம்பரம் காத்திருக்காது. அடுத்த முறை இடைவேளையில் சேனலை மாற்றாமல், இந்த நிபுணர்கள் எப்படி முடிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.