முற்றத்தை மூடலாமா?

கட்டடக்கலையின் தனிச்சிறப்பு யாதென வினவினால், பலரும் கோபுரத்தையும் தூணையும் சிற்ப வேலைப்பாட்டையும் சுட்டுவர். எனக்கோ யாழ்ப்பாணத்து நாற்சார் வீடே முதலில் நினைவுக்கு வரும்.

அண்மையில் ஊரிலுள்ள எங்கள் பழைய வீட்டைத் திருத்துவது பற்றிப் பேச்செழுந்தது. "சித்தப்பா, முற்றம் சும்மா கிடக்கிற நிலந்தானே? மூடினால் இன்னும் இரண்டு அறை வருமே" என்றான் என் பெறாமகன். அக்கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது.

முற்றம் சும்மா கிடக்கின்றதா? நாற்புறமும் விறாந்தையும் அறைகளும் சூழ, நடுவே வானத்தை நோக்கித் திறந்த அவ்வெளியே வீட்டின் மூச்சு. பகலில் சூடேறிய காற்று அதன்வழி மேலெழுந்து வெளியேறும். அவ்விடத்தை நிரப்பச் சாளரங்களினூடே புதுக்காற்று உட்புகும். இரவில் குளிர்ந்த காற்று அங்கு இறங்கித் தங்கும். தடித்த சுவர் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது; தாழ்ந்த கூரை அச்சுவருக்கு நிழலாகும். மாரியில் கூரைநீர் பீலிவழி முற்றத்திற் கொட்டும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டிலே, மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கினாலன்றோ கிணறு ஊறும்? அப்பாறையே சுவருக்குக் கல்லையும், சுட்டபின் சாந்துக்குச் சுண்ணாம்பையும் ஈந்தது. வைரம் பாய்ந்த பனை கூரையைத் தாங்கிற்று. இன்று அறிஞர் 'நிலைபேறான வடிவமைப்பு' எனப் போதிப்பதனை எம் முன்னோர் பெயரிடாமலே செய்து வைத்தனர்.

இவ்வறிவு பழமையோடு மாண்டுவிடவில்லை. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்குக் கொழும்பில் 1960 - 62இல் ஒரு வீடு அமைத்தார். நகரத்துச் சிறு நிலத்திலே, பழைய மனைகளைத் தழுவி, முற்றத்தை நடுவில் வைத்து, ஓட்டுக் கூரையின் கீழ் அறைகளை அதனைச் சுற்றி நிறுத்தினார். பின்னாளில் அந்நிலம் கைமாறியபோது, அவ்வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. காப்பதற்குரியது அவ்வீடு எனக் கருதியோர் இருந்தமையாலன்றோ அது பிழைத்தது!

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. எங்கள் நாற்சார் வீடுகள் காற்றை வரவேற்றனவேயன்றி, மனிதர் எல்லோரையும் வரவேற்கவில்லை. இன்னார் திண்ணைவரை, இன்னார் படலைவரை எனச் சாதி கோடு கிழித்தது. முற்றத்தின் குளிர்ச்சியை ஒருநாளும் அறியாதோர் அதே ஊரில் வாழ்ந்தனர். முன்னோர் விட்டுச்சென்றது என்பதற்காக அக்கோட்டினையும் நாம் பேணவேண்டுமோ?

வெயிலுக்கும் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ற விடை கண்டமையே ஒரு நாட்டுக் கட்டடத்தின் தனித்தன்மை. அவ்விடையை ஏற்போம், அந்த வேலியை விடுப்போம். வேண்டிய இரண்டு அறைகளை வீட்டின் பின்புறத்திற் கட்டிக்கொள்ளலாம் என்று பெறாமகனுக்குக் கூறியுள்ளேன். முற்றம் திறந்தே இருக்கட்டும். தலைவாசலும் யாவர்க்கும் அவ்வாறே திறந்திருக்கட்டும்.