2.7 எடுத்தவர் டாக்டராக முடியுமா?

அண்ணா பல்கலைக்கழகத்தில் அரியர் வைத்த மாணவர் அதை எழுதித் தேறிவிட்டால், தேறிய மதிப்பெண்தான் சராசரியில் ஏறும். டிஸ்டிங்ஷன் கைநழுவிப் போகலாம்; ஆனால் தோற்ற தாள் கணக்குக்குள் வந்து உட்காராது. அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பதினெட்டு வயதில் வேதியியலில் வாங்கிய 'எஃப்', இருபத்தெட்டு வயதில் அதே பாடத்தில் 'ஏ' வாங்கிய பிறகும் அப்படியே நிற்கும். இரண்டையும் கூட்டித்தான் சராசரி போடுவார்கள். அந்தச் சராசரிக்குப் பெயர் ஜிபிஏ. முழு மதிப்பு 4.

இந்த ஒரு விதி பிடிபட்டால், 'போஸ்ட்-பேக்' என்று அங்கே சுருக்கமாகச் சொல்லப்படும் படிப்பு எதற்காக இருக்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

நம் ஊரில் பிளஸ் டூ, நீட், நேரே எம்.பி.பி.எஸ். அங்கே முதலில் நான்காண்டுப் பட்டம். வரலாறு, இசை என்று எதில் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைப் பொதுவாகத் தலா ஓராண்டு ஆய்வகத்தோடு படித்திருக்க வேண்டும். பிறகு எம்கேட் என்ற ஏழரை மணி நேரத் தேர்வு. அதையும் தாண்டினால்தான் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. 1893-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது, பட்டம் இல்லாதவரைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னது அன்றைக்குப் பெரிய புதுமை. 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் தன் அறிக்கையில் அதையே முன்மாதிரியாகக் காட்டினார். மெல்ல மெல்ல நாடே அந்த வழிக்கு வந்தது.

அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் 52,000 பேர் அளவில் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் 23,000 பேர் அளவில். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டி இருக்கிறது; எம்கேட்டில் 528-க்கு 511, 512. எம்.டி.க்குச் சமமான உரிமம் தரும் டி.ஓ. கல்லூரிகளில் ஜிபிஏ 3.6 வாக்கில். இந்தக் கூட்டத்துக்கு நடுவே 2.7 வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்கு என்று நினைத்துவிட வேண்டாம். வாரம் முப்பது மணி நேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்திருக்கலாம். அப்பா இறந்த வருடமாக இருந்திருக்கலாம். அம்மா சொன்னாரே என்று பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கலாம். கடைசிக் காரணம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

பெயர் ஒன்று, கதவு இரண்டு

போஸ்ட்-பேக் என்றால் பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு படிப்புகள் நடக்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை, துறை மாறுபவர்களுக்கானது. ஆங்கில இலக்கியத்தில் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றவர், பத்திரிகையிலோ வங்கியிலோ சில ஆண்டு வேலை பார்த்தவர், டாக்டராக ஆசைப்படுகிறார். அறிவியல் பாடமே எடுத்ததில்லை. அவருக்கு அந்தப் பாடங்களை ஓரிரு ஆண்டில் கட்டுச்சோறாகக் கட்டித் தருவது இந்தப் படிப்பு. பிரின் மார், கௌச்சர், கொலம்பியா பல்கலையின் ஜெனரல் ஸ்டடீஸ் எல்லாம் இதில் பேர்போனவை. பேர்போனவை என்பதாலேயே குறைந்த ஜிபிஏக்காரர்களும் இங்கே விண்ணப்பித்துவிட்டு, கட்டணத்தையும் ஓராண்டையும் இழக்கிறார்கள். ஆர்கானிக் வேதியியலில் ஏற்கெனவே 'சி' வாங்கியவரைப் பிரின் மார் தேடவில்லை. அந்தப் பாடத்தையே தொடாத, மற்றவற்றில் பளிச்சென்று மதிப்பெண் வாங்கியவரைத் தேடுகிறது.

இரண்டாம் வகைதான் நம் 2.7-க்கு உரியது: பாடங்களைப் படித்தவர், சரியாகப் படிக்காதவர், தன் கல்விப் பதிவைத் தேற்றிக்கொள்ள வருபவர். இதற்கென்றே வகுத்த படிப்புகள் உண்டு. பலவற்றில் 2.75 அல்லது 3.0 என்று கீழ்வரம்பு வைத்திருப்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிகள் சில கூட்டாக நடத்தும் படிப்பு, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்து வாய்ப்பை இழந்தவர்களுக்கானது. எதிலும் இடம் கிடைக்காதவர், அல்லது இடம் கிடைத்தும் காசு இல்லாதவர், பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் நோக்காத மாணவராகப் பதிந்து, வேண்டிய பாடங்களைத் தானே பொறுக்கிப் படிக்கலாம். 'நானே செய்துகொண்ட போஸ்ட்-பேக்' என்பார்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால் இதைப் பற்றிப் பேச்சு குறைவு.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பட்டத்துக்கு 120 கிரெடிட். 2.7 சராசரி என்றால் கையில் 324 புள்ளி. ஓராண்டு முழுக்கப் படித்து 30 கிரெடிட்டிலும் 'ஏ' வாங்கினால் 120 புள்ளி சேரும். 444-ஐ 150-ஆல் வகுத்தால் 2.96. ஒரு வருடம், பல ஆயிரம் டாலர், ஒரு தாளில்கூடச் சறுக்காத உழைப்பு. இவ்வளவுக்கும் பிறகு 3-ஐத் தொடவில்லை. 3.0-க்கு வர 36 கிரெடிட் வேண்டும். 2.5-லிருந்து கிளம்பினால் 60. அத்தனையிலும் 'ஏ'.

இதைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. ஆனால் சேர்க்கைக் குழு பார்ப்பது அந்த ஒற்றை எண்ணை மட்டுமல்ல. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் ஜிபிஏ ஒரு கட்டத்துக்குள் அடங்காது. அது ஓர் அட்டவணை. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, நான்காமாண்டு என்று வரிசையாக வரும். அதற்குக் கீழே பட்டத்துக்குப் பிந்தைய இளநிலைப் பாடங்களுக்கென்று தனி வரி. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்த அறிவியல் சராசரிக்குத் தனிப் பத்தி. 2.4, 2.6, 2.8, 3.0 என்று ஏறி, போஸ்ட்-பேக் வரியில் 3.9 என்று நின்றால், படிப்பவர் கண் அந்த வரியில் நிற்கும். கடைசியாகப் படித்த முப்பது சொச்சம் கிரெடிட்டுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குவது அந்த ஒரு வரியைத்தான். மொத்தச் சராசரி நகர்வது கொசுறு.

கொசுறு என்றாலும் அலட்சியம் கூடாது. 3.0-க்குக் கீழே இருக்கும் விண்ணப்பத்தை ஆள் படிப்பதற்கு முன்பே கணினி ஒதுக்கிவிடும் கல்லூரிகள் உண்டு. ஆகவே 3-க்குக் கீழே இருப்பவருக்கு முதல் வேலை இளநிலைப் பாடங்கள்தான்.

இங்கேதான் எஸ்எம்பி என்ற ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் பற்றித் தெளிவு வேண்டும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1970-களில் தொடங்கிவைத்த வகை இது. ஓராண்டு முதுநிலை, மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அதே தேர்வை எழுதி, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் பெற வேண்டும். நன்றாகச் செய்தால், மருத்துவப் பாடத்தை இவரால் சமாளிக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை. ஆனால் முதுநிலை மதிப்பெண் தனி வரிக்குப் போகும். இளநிலை ஜிபிஏ ஒரு புள்ளிகூட அசையாது. 2.7 உடையவர் இதில் 3.8 வாங்கினாலும் அவருடைய 2.7 அப்படியே 2.7. சேரும்போது இது தெரியாமல் பிறகு தலையில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, இது பிரம்மாஸ்திரம். ஒருமுறைதான் எய்யலாம். இதிலும் 'பி மைனஸ்' வாங்கினால், பழைய மதிப்பெண் விபத்து அல்ல, இவருடைய அளவே அதுதான் என்று ஆகிவிடும். 3.0-ஐத் தாண்டி, 3.2, 3.3 என்று நின்று, இனி கிரெடிட் கூட்டிப் பயனில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு உரியது எஸ்எம்பி.

டி.ஓ. கல்லூரிகளில் ஒருகாலத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் புது மதிப்பெண் பழையதை அடித்துவிடும். 2017-ல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸில் மட்டும் ஒரு சட்டம் உண்டு: அந்த மாநிலவாசி விரும்பினால், பத்தாண்டுக்கு முந்தைய பாடங்கள் எதையும் கணக்கில் எடுக்காமல் அரசுக் கல்லூரிகளில் விண்ணப்பிக்கலாம். 'எஃப்' போகும், அந்தக் காலத்தில் வாங்கிய 'ஏ'யும் சேர்ந்தே போகும். எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

ஏன் விழுந்தது என்பதை எப்படிச் சொல்வது

போஸ்ட்-பேக்குக்கே ஒரு விண்ணப்பக் கட்டுரை எழுத வேண்டும். அதில் பலரும் செய்யும் தவறு, இரண்டு பக்கத்துக்கு ஒப்பாரி வைப்பது. மற்றொரு தவறு, மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்காமல் சிறுவயதில் தாத்தாவுக்கு ஊசி போட்ட கதையைச் சொல்வது. குழு கேட்பது எளிய கேள்வி: என்ன நடந்தது, இப்போது அது எப்படிச் சரியானது? மூன்று நான்கு வாக்கியம் போதும். வேலை நேரத்தைக் குறைத்துவிட்டேன் என்பது பதில். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்து, அதற்குப் பிறகு எடுத்த இரண்டு பாடங்களில் 'ஏ' வாங்கினேன் என்பது அதைவிட நல்ல பதில். இனி கடினமாக உழைப்பேன் என்பது பதிலே அல்ல.

அதனால்தான் விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றோ இரண்டோ கடினமான பாடம் எடுத்துப் பார்ப்பது நல்லது. உயிர்வேதியியல், உடலியங்கியல் மாதிரி. காரணம் இன்னும் தீராமலிருந்தால், முழுக் கட்டணம் கட்டிய பிறகு தெரிவதைவிட ஒரு பாடத்தின் செலவில் தெரிவது மேல். பழைய முன்தேவைப் பாடங்களில் 'சி'க்குக் கீழே இருப்பவற்றை மட்டும் திரும்பப் படித்தால் போதும். 'பி'யை 'ஏ' ஆக்க மீண்டும் உட்காருவது வீண் வேலை. அந்த நேரத்தில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுக்கலாம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியை விடக்கூடாது. எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்று சொன்னால், எதில் 90 என்று கேட்க வேண்டும். சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, நிறுவனத்தின் ஆதரவுக் கடிதத்தோடு விண்ணப்பித்தவர்களிலா? நடுவில் விலகியவர்களையும், கடிதம் மறுக்கப்பட்டவர்களையும் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கில் யாரும் பாஸ்தான். கரீபியன் தீவுகளின் மருத்துவக் கல்லூரிகளும் இந்தச் சதவீத விளையாட்டில் சேர்த்திதான். மதிப்பெண் குறைந்த மாணவரின் பெற்றோர் அடுத்து திரும்பும் திசை அது. இடம் கிடைக்கும்; ஆனால் முடித்து வந்த அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் மருத்துவமனைப் பயிற்சி இடம் கிடைக்கிறது. உள்நாட்டு எம்.டி., டி.ஓ. மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிடைக்கிறது. நடுவில் கழன்றவர்கள் இந்த எண்ணிக்கையிலேயே வரமாட்டார்கள்.

பணத்தில் புதிய முடிச்சு ஒன்று விழுந்திருக்கிறது. பல தனியார் பல்கலைக்கழகங்களில் எஸ்எம்பி ஓராண்டுக் கட்டணமே 40,000 டாலருக்கு மேல். முன்பு இதற்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கைகொடுத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அதை நிறுத்தி, முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. மீதிக்குத் தனியார் கடன்தான். மருத்துவக் கல்லூரிக் கடன் இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பார்ப்பதில்லை. பார்க்கும் கல்லூரிகளில் சில, பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவைக்கச் சொல்லும். அரசுக் கடன் இல்லை. 21 வயதில், பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசா முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளை, மாலையில் இரண்டு பாடம் என்று நிதானமாகப் படிக்கவும் முடியாது; முழுநேர மாணவராக இருக்க வேண்டும். மாறாக, தமிழ்நாட்டில் பி.இ. முடித்து, திருமணமாகி அங்கே குடியேறி கிரீன் கார்டு பெற்றவருக்கு எதிர்பாராத ஆறுதல் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு மதிப்பெண்ணை ஆம்காஸ் தன் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. கல்லூரிகள் அமெரிக்காவில் படித்த கிரெடிட் கணிசமாகக் கேட்கும் என்பதால் பாடங்களை அங்கே படித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பாடங்களே அவருடைய முதல் வரியாகவும் இருக்கும்.

மற்றவர்களுக்கு முதல் வரி பழையதுதான். பட்டம் முடித்த கல்லூரியிலிருந்து மட்டுமல்ல, பள்ளியில் படிக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடம், ஒரு கோடையில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து பாதியில் விட்ட வகுப்பு என்று அந்நாட்டில் கால் வைத்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் சரிபார்ப்புக்குப் போகாமல் நிற்கும். மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிப்புத் தொடங்குகிறது. முந்தி வந்ததை முந்திப் பார்க்கும் வழக்கம். குறைந்த ஜிபிஏக்காரர் ஆகஸ்டு வரை இழுத்தடிக்க முடியாது. அந்தக் கோடைக்கால வகுப்பின் டிரான்ஸ்கிரிப்டைப் பிப்ரவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பழைய மாணவர் எண் மறந்திருந்தால் அதைத் தேடவே ஒரு வாரம் பிடிக்கும்.