மூன்று பேட்டரி மாற்றியும் வண்டி கிளம்பவில்லை

ஏழாயிரம்பண்ணையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவரிடம் 2003-ஆம் வருட மாருதி ஆம்னி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை சாத்தூர் வழியாக விருதுநகர் போய்ப் பருப்பு, வத்தல், எண்ணெய் டின் ஏற்றி வருவார். இரண்டரை வருடத்தில் அந்த வண்டிக்கு மூன்று பேட்டரி வாங்கிவிட்டார். புதிதாகப் போட்ட ஐந்தாறு மாதம் நன்றாக இழுக்கும். பிறகு ஒரு நாள் இருட்டில் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம்தான் வரும். மூன்றாவது பேட்டரி கைவிட்டது தீபாவளிக்கு முந்தைய வாரம். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள், அவர் பேசி வைத்திருந்த பருப்பு வேறு ஊர்க்காரர் லாரியில் ஏறிவிட்டது.

முதல் பேட்டரியை வாரண்டியில் மாற்றித் தரக் கேட்டிருக்கிறார். விற்ற கடைக்காரர் ஒரு நாள் வைத்திருந்து சார்ஜ் ஏற்றி, "பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டியைப் பாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்தாராம். தட்டிக் கழிக்கிறார் என்று கோபப்பட்டு, அடுத்ததை வேறு கடையில் வாங்கினார் நம்மவர். நம்மிடம் பொருள் வாங்கிப் போனவர் குறை சொல்லி வந்தால் நாம் உண்மையைச் சொன்னாலும் நம்புவதில்லை அல்லவா? அதே கதைதான். கடைக்காரர் சொன்னதுதான் சரியான துப்பு. ஏற்றினால் ஏறுகிற பேட்டரி கெட்ட பேட்டரி அல்ல. ஏற்றும் வேலைதான் வண்டியில் நடக்கவில்லை.

நம் கணக்கில் சொன்னால் பேட்டரி என்பது கல்லாப்பெட்டி. செல்ஃப், விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் செலவு. ஃபேன் பெல்ட்டால் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் வரவு. தினமும் வரவு கொஞ்சம் குறைந்தால் கல்லா ஒரே நாளில் காலியாகாது. ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அரைகுறைச் சார்ஜிலேயே நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, பிறகு அது நிஜமாகவே கெட்டுப்போகிறது. அப்போது பேட்டரியின் மேல் பழி போடுவது சுலபம்.

மூட்டையை எடை போடாமல் இறக்காத நாம், வண்டி விஷயத்தில் மட்டும் கண் மதிப்பில் காரியம் பார்க்கிறோம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் பேட்டரியின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, ஹெட்லைட்டையும் போட்டுப் பார்த்தால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் வரவு போதாது. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மிஞ்சி ஏற்றுகிறது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கரிசல் காட்டு வெயிலும் தண்ணீரை வற்றவைக்கும் என்பதால், தண்ணீரை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

நம்மவர் வண்டியைக் கடைசியாகப் பார்த்தவர் வயதான ஒரு எலக்ட்ரீஷியன். அதற்கு முன்னால் பார்த்தவர்கள் ஆல்டர்னேட்டரில் மட்டும் மீட்டர் வைத்து, 14.2 வருகிறது, குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இவர் பேட்டரி முனையிலும் வைத்தார். அங்கே 13.0 தான். "அண்ணாச்சி, 1.2 வோல்ட் வழியிலேயே களவு போகுது" என்றாராம். இன்ஜின் ஓடும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே அளந்தால் 0.7, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு வரும் ஒயரில் 0.5. இரண்டுமே 0.2-ஐத் தாண்டக் கூடாதவை. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், அந்த இடத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்து, பாதிப் பிரிகள் அறுந்து கிடந்தன. பாசிட்டிவ் ஒயரின் முனை கருகியிருந்தது. பட்டையை மாற்றி, முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, இரும்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்தார். கூலியோடு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

எல்லா வண்டியிலும் குறை இதே இடத்தில் இருக்காது. பெல்ட் தளர்ந்திருக்கலாம். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கலாம். அதற்கு நம் கடையில் உள்ள ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தால் போதும், பேட்டரிக்குள் மட்டும் இறங்கக் கூடாது. டேஷ்போர்டின் சிவப்பு பேட்டரி விளக்கு சாவி போட்டதும் எரிகிறதா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு போனால் சார்ஜே தொடங்காமல் இருக்கலாம். மீட்டர் அளவெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாள் நின்றால் இறங்குகிறது என்றால், எங்கோ கசிவு. உள்ளே அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி குடித்துவிடும்; 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றரை நாளில் காலி.

டைனமோ உள்ள பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள், ஐட்லிங்கில் விளக்கு மங்குவதைக் கண்டு பதற வேண்டாம். டைனமோவின் சுபாவம் அது.

நம் ஊர்ப்பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஒயரை இரும்பில் உரசிப் பொறி பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறிக்கே பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளம் பட்டாசு ஆலையில் நடந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அது பேட்டரியால் வந்ததல்ல. ஆனாலும் பட்டாசுக் கடை, தீப்பெட்டி குடோன் வாசலில் பேட்டரி வேலை வேண்டவே வேண்டாம், வண்டியைத் தள்ளிக்கொண்டு தூரம் போய்ப் பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுத்தால் கடைசி கிளிப்பை பேட்டரியில் கவ்வாமல், தள்ளி இன்ஜின் இரும்பில் கவ்வுங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றி 'ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா' என்று பார்ப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்தச் சோதனையிலேயே ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும்.

நம்மவர் ஆம்னி இப்போதும் அந்த மூன்றாவது பேட்டரியில்தான் ஓடுகிறது. முழுச் சார்ஜ் ஏற்றியதும் தேறிக்கொண்டது. ஈய விலைக்குப் போட்ட முதல் இரண்டும் எப்படி இருந்திருக்கும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.